தலைவலி தனக்கு வந்தால்

1898 ஆகஸ்ட் 24, இரவு எட்டு மணி சுமார். ஜெர்மனியின் வடகோடியில் இருக்கும் கீல் நகரத்தில் ஒரு டாக்டர் படுத்திருக்கிறார். இன்னொரு டாக்டர் இரும்புச் சுத்தியலால் அவருடைய கணுக்காலுக்கு மேலே, எலும்பு பார்த்து ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டு, வலிக்கிறதா என்று அக்கறையாக விசாரிக்கிறார். இல்லை என்கிறார் படுத்திருப்பவர். இரண்டு பேருக்கும் சொல்லி முடியாத சந்தோஷம்.

அடித்தவர் அகஸ்ட் பியர், வயது 36. அடி வாங்கியவர் அவருடைய உதவியாளர் ஹில்டெபிராண்ட். முன்விரோதம், சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. மருத்துவ ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் பெரிய ஆபரேஷன் என்றால் ஈதர், இல்லாவிட்டால் குளோரோபார்ம். மூக்கில் வைத்து அமுக்கினால் ஆள் தூங்கிவிடுவார். விழித்ததும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். சிலருக்கு வாந்தி வரவில்லை, அவர்கள் விழிக்கவே இல்லை. குளோரோபார்ம் முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா என்று தீர்ப்புச் சொல்ல 1880களின் கடைசியில் ஹைதராபாத்தில் நிஜாம் செலவில் ஒரு கமிஷனே உட்கார்ந்தது. நூற்றுக்கணக்கான நாய்களையும் குரங்குகளையும் பரலோகம் அனுப்பிவிட்டு, மூச்சைத்தான் என்றது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா என்றால் இல்லை. போனவருக்கு எது முதலில் நின்றிருந்தால் என்ன?

இதற்கிடையே கோகெய்ன் வந்தது. வியன்னாவில் அதன் புகழை விழுந்து விழுந்து எழுதியவர் சிக்மண்ட் ஃபிராய்ட். 1884-ல் அவர் வருங்கால மனைவியைப் பார்க்க ஊருக்குப் போன நேரத்தில், நண்பர் கார்ல் கொல்லர் கோகெய்னைக் கண்ணில் விட்டுப் பார்த்தார். குண்டூசியால் விழியைத் தொட்டால்கூடத் தெரியவில்லை. கண் அறுவை சிகிச்சையின் தலையெழுத்தே மாறிப்போனது. புகழ் தன் கையைவிட்டுப் போனதற்குக் காரணம் வீட்டுக்காரிதான் என்று ஃபிராய்ட் பிற்காலத்தில் எழுதி வைத்தார். மனித மனத்தை அலசி ஆராய்ந்தவர்தான், ஆனாலும் கணவர்.

அடுத்த கண்ணி கீல் நகரத்திலேயே இருந்தது. 1891-ல் அங்கே ஹைன்ரிக் குவிங்கே என்பவர் இடுப்புக்கு மேல் முதுகெலும்பின் இடுக்கில் ஊசியைச் செலுத்தி, மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை வெளியே எடுக்கும் வழியைச் சொல்லியிருந்தார். நீரை எடுக்க முடிகிற வழியில் மருந்தை ஏன் உள்ளே விடக்கூடாது என்று யோசித்தார் பியர். ஆகஸ்ட் 16-ம் தேதி, காசநோய் கணுக்காலைத் தின்றுகொண்டிருந்த 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்கு அப்படியே செய்தார். கால் மரத்தது. ஆள் விழித்துக்கொண்டிருக்க, ஆபரேஷன் முடிந்தது. மயக்கம் இல்லை, மூக்கில் துணி இல்லை. அடுத்தடுத்து மொத்தம் ஆறு பேருக்குச் செய்து பார்த்தார்.

அதற்கப்புறம் வாந்தியும், மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வந்தன. ஊசி போட்டது இடுப்பில், வலி தலையில். கோகெய்ன் செய்கிற வேலையா, வேறு ஏதாவதா? நோயாளிகளைக் கேட்டால் வலிக்கிறது என்பதற்கு மேல் அவர்களால் என்ன சொல்ல முடியும்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பதை நம் ஊரில் அடுத்தவரைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறோம். பியர் அதை ஆராய்ச்சி முறையாகவே எடுத்துக்கொண்டார். ஊசியை எனக்கே போடு என்று ஹில்டெபிராண்டிடம் முதுகைக் காட்டிவிட்டார்.

ஹில்டெபிராண்ட் ஊசியைச் சரியாகத்தான் ஏற்றினார். மருந்துக் குழலை மாட்டப் போனால் அது ஊசியில் பொருந்தவில்லை! மேலதிகாரி முதுகில் ஊசி, கையில் சேராத சிரிஞ்சு. உதவியாளன் வாழ்க்கையில் இதைவிட மோசமான ஐந்து நிமிடம் இருக்க முடியாது. அவர் தடவிக்கொண்டிருந்த நேரத்தில் பியரின் தண்டுவட நீர் தாராளமாக வெளியே ஓடியது, கோகெய்னில் பெரும்பகுதி கீழே கொட்டியது. பியருக்குக் கால் மரக்கவும் இல்லை. இப்படி ஒரு சொதப்பலுக்குப் பிறகு பரிகாரம் ஒன்றுதானே உண்டு. ஹில்டெபிராண்ட் தன் முதுகைக் காட்டினார்.

பியரின் கை சுத்தம். அரை மில்லிலிட்டர் கரைசல், அதில் 5 மில்லிகிராம் கோகெய்ன். சில நிமிடங்களில் ஹில்டெபிராண்டின் கீழ்ப்பாதி மரத்துப்போனது. அந்தக் கணத்தில் பியருக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. தொடையில் ஊசி குத்தினார், கத்தியால் கீறினார், உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார். 13-வது நிமிடம் எரியும் சுருட்டைக் காலில் வைத்தார். 23-வது நிமிடம்தான் மேலே சொன்ன சுத்தியல். நடுவில் இடுப்புக்குக் கீழே உள்ள முடியைப் பிடுங்கிப் பார்த்தார், வலி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? நெஞ்சு முடியையும் பிடுங்கினார். அங்கே உயிர் போயிற்று. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் கன்ட்ரோல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியில் ஆண்கள் சாதாரணமாகக் கைகுலுக்கிய நண்பரிடம்கூட ஒப்படைக்காத உறுப்பைப் பிடித்து அழுத்தியும் இழுத்தும் பார்த்தார். அதற்கும் ஹில்டெபிராண்ட் அசையவில்லை. இவை எல்லாவற்றையும் நிமிடக் கணக்கோடு எழுதி, மறுவருடம் அறுவை சிகிச்சை இதழில் அச்சேற்றினார் பியர். எத்திக்ஸ் கமிட்டி என்ற ஒன்று அன்று இருந்திருந்தால், விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அதன் தலைவருக்கு ஸ்பைனல் ஊசி தேவைப்பட்டிருக்கும்.

முக்கால் மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பியது. இருவரும் எழுந்தார்கள். சாப்பிட்டார்கள், ஒயின் குடித்தார்கள், சுருட்டுப் பிடித்தார்கள், இந்த முறை வாயில்.

பியர் நன்றாகத் தூங்கினார். மறுநாள் காலை உலாத்தப் போனவருக்கு லேசாகத் தலை வலித்தது. போகப் போக நிற்க முடியவில்லை, தலை சுற்றியது. படுத்தால் சரியாகிவிடும், எழுந்தால் வந்துவிடும். இப்படியே ஒன்பது நாள் படுக்கை. ஹில்டெபிராண்டுக்கு அன்றிரவே தலைவலியும் வாந்தியும் வந்துவிட்டன. காலெல்லாம் சுத்தியல் வைத்த கன்றல். அவர் மறுநாள் காலை டியூட்டிக்குப் போனார். ஒரே ஊசி, ஒரே வியாதி. லீவு மட்டும் பதவியைப் பொறுத்து. 1899-ல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் படுத்திருந்த ஒன்பது நாளைப் பியர் வீணாக்கவில்லை. தனக்கு உள்ளே போன கோகெய்ன் சொற்பம், வெளியே போன நீர் ஏராளம், அப்படியும் தலைவலி வந்ததென்றால் குற்றவாளி நீர் இழப்பாக இருக்கலாம் என்று சந்தேகித்தார். சிரிஞ்சு பொருந்தாமல் போன அந்தச் சொதப்பல்தான் துப்புக் கொடுத்தது. சந்தேகம் சரி. ஊசி போட்ட ஓட்டை வழியாக நீர் கசிகிறது, அழுத்தம் குறைகிறது, நிமிர்ந்தால் தலை வலிக்கிறது. (இந்தத் தலைவலி நிபுணர்தான் முதல் உலகப் போரில் ஜெர்மன் சிப்பாய்களுக்கு இரும்புத் தொப்பி வேண்டும் என்று வற்புறுத்தி, அதை உருவாக்கவும் உதவியவர்.)

இதற்கிடையே நியூயார்க்கிலிருந்து லெனார்ட் கார்னிங் என்பவர், 1885-லேயே நான் ஒரு நாய்க்கும் ஒரு மனிதருக்கும் முதுகில் கோகெய்ன் போட்டேனே என்று உரிமை கொண்டாடினார். போட்டது உண்மை. அதை வைத்து ஆபரேஷன் ஒன்றும் செய்யவில்லை.

தலைவலிக்குத் திரும்புவோம். ஊசி போடுகிற ஓட்டையைச் சின்னதாக்கினால் கசிவு குறையும். இதைச் சொல்ல ஒரு நிமிடம், செய்து முடிக்கப் பல பத்தாண்டுகள். கோகெய்ன் போய் சாதுவான மருந்துகள் வந்தன, ஊசிகள் மெலிந்தன. 1951-ல் ஹார்ட்டும் விட்டேகரும் பென்சில் முனை போன்ற ஊசியைக் கொண்டுவந்தார்கள். அது சவ்வை வெட்டாமல் இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தலைவலி வெகுவாகக் குறைந்தது. ஊசி போடும்போது ரத்தம் கசிந்தவர்களுக்குத் தலைவலி குறைவாக இருப்பதைக் கவனித்த கோர்ம்லி, 1960-ல் நோயாளியின் ரத்தத்தையே எடுத்து ஓட்டைக்குப் பக்கத்தில் செலுத்தி அடைத்துக் காட்டினார். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுகிற அதே தத்துவம்.

நம் ஊர் சிசேரியன் வார்டு வரைக்கும் அந்த ஊசி வந்துவிட்டது, கூடவே இரண்டு ஐதீகங்களும் வந்தன. ஒன்று, ஆயுசு முழுக்க வருகிற இடுப்பு வலிக்கெல்லாம் அந்த முதுகு ஊசிதான் காரணம். ஆராய்ந்து பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு நீண்டகாலத் தொடர்பு கிடைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தூக்கி வந்த வலிக்கும் பழி ஊசிக்குத்தான். இன்னொன்று, ஊசி போட்டவர் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். வந்த தலைவலி படுத்தால் தணியும், பியரே சாட்சி. ஆனால் படுத்தே கிடப்பதால் தலைவலி வராமல் தடுக்க முடியாது என்று ஆய்வுகள் பல சொல்லிவிட்டன. டாக்டர்களில் பலர் ஏற்றுக்கொண்டார்கள், நர்ஸ்களில் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். கட்டில் பக்கத்தில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் பெரியம்மா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. தலையணை அவர் மடியில்தான் இருக்கிறது.