பதின்மூன்று மைல்

1982இல் நான் இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு வேலைக்கு வந்தபோது, பாத் நகருக்குப் போகும் அந்தப் பழைய ரயில் தடத்தில் ரயில் நின்று பல வருஷமாகியிருந்தது. 1960களில் பயணிகள் வண்டியை நிறுத்தினார்கள். பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது ஜல்லியும் முட்புதரும்.

உள்ளூர் சைக்கிள்காரர்கள் 1977இல் ‘சைக்கிள்பேக்’ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். எஞ்சினியர் ஜான் கிரிம்ஷா முன்னால் நின்றார். 1979இல் அந்தப் பழைய தடத்தின் மேல், பாத் பக்கம், சைக்கிள் பாதையின் முதல் சில மைல்களைத் தன்னார்வலர்களே போட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது வேலை பிரிஸ்டலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் நானும் போவேன். புதரை வெட்டி, ஜல்லியை நிரவி, மேலே சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டி, ரோலர் விட்டு அழுத்துவோம். மலிவான வேலை. மழை பெய்தால் சக்கரம் வாரியடிக்கும் வெள்ளைச் சேறு முதுகுவரை அப்பிக்கொள்ளும்.

அப்போது நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். வேலையற்றவர்களுக்குக் குறுகிய காலத்துக்குக் கூலி கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. அதன் வழியாகவும் ஆட்கள் வந்தார்கள். இப்படித் துண்டு துண்டாக வளர்ந்து, 1986இல் சுமார் 13 மைலும் முடிந்தது.

இன்று அதே பாதையில் தார் போட்டிருக்கிறது. காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளும் ஆபீஸ் போகிறவர்களும் நெருக்கியடித்துப் போகிறார்கள். ஸ்டேப்பிள் ஹில் சுரங்கத்தில் வரிசையாக விளக்கு எரிகிறது. கூரையிலிருந்து தண்ணீர் மட்டும் இன்றும் சொட்டுகிறது. பிட்டனில் பாதையை ஒட்டி, ரயில் ஆர்வலர்கள் திரும்பப் போட்ட தண்டவாளத்தில் நீராவி வண்டி ஓடுகிறது.

சைக்கிள்பேக்கிலிருந்து வளர்ந்த ‘சஸ்ட்ரான்ஸ்’ அமைப்புக்கு, நாடு முழுவதும் சைக்கிள் வழிகள் அமைக்க, 1995இல் லாட்டரி நிதியிலிருந்து 4 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கினார்கள். வெறும் வரைபடத்தோடு போய் நின்றிருந்தால் அவ்வளவு பணம் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஜனங்கள் தினமும் ஓட்டுகிற ஒரு பாதை ஏற்கெனவே கண்ணெதிரே இருந்தது.

2008இல் இந்தத் தடத்தின் ஒரு பகுதியைப் பேருந்து வழியாக்கும் யோசனை எழுந்தது. ஊரே திரண்டு எதிர்த்தது, யோசனை கைவிடப்பட்டது. மண்வெட்டியைத் தொட்டே இராத இளைஞர்களும் ‘எங்கள் பாதை’ என்று உரிமையோடு பேசியதைக் கேட்டு எனக்கு மனம் நிறைந்தது.

ஆனால் புதுப் பாதை போடப் பணம் தருகிறவர்கள், போட்ட பாதையில் புதர் வெட்டத் தருவதில்லை. முள் வருஷாவருஷம் வளரும், வேர் தாரைப் பிளக்கும். ஆகவே பராமரிப்புக்கான பணத்தை முதல் நாளிலேயே கணக்கில் எழுத வேண்டும். சனிக்கிழமை வரக்கூடிய ஆட்களையும் அன்றே சேர்த்துவிட வேண்டும். இன்று ஏதாவது ஓர் ஊரில் பாதை கேட்டு மனு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முதலில் ஒரு மைலை நீங்களே போட்டு, அதில் ஜனங்களை ஓட்ட வையுங்கள். மிச்ச மைல்களுக்காக அவர்களே வந்து கேட்பார்கள்.