4000 மில்லிநொடிப் பதவிக்காலம்: டூல்டிப் மேலாளர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மனு

அனுப்புநர்: பொத்தான்கள், உரைப்பெட்டிகள், பட்டியல்கள், அட்டவணைகள் மற்றும் அவற்றை எழுதிப் பிழைக்கும் நிரலாளர்கள்.

பெறுநர்: உயர்திரு டூல்டிப் மேலாளர் அவர்கள், ஸ்விங் நூலகம், ஜாவா.

பொருள்: விட்ஜெட்டுகளுக்குத் தனிப்பயன் உதவிக்குறிப்பு அமைப்பதில் நேரம், தோற்றம், பதிவு ஆகியவை குறித்துக் குறைதீர்ப்புக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேசைக்கணினித் திரையில் காணப்படும் பொத்தான், உரைப்பெட்டி, அட்டவணை முதலிய இடைமுகக் கூறுகள் விட்ஜெட்டுகள் எனப்படும் என்பதும், அவற்றின் மேல் சுட்டெலியின் அம்புக்குறியைச் சற்று நேரம் நிறுத்தினால் அருகே தோன்றும் சிறு விளக்கச் சீட்டு டூல்டிப் எனப்படும் என்பதும் மேலாளர் அவர்கள் அறியாதவை அல்ல; ஆயினும் பெறுபவருக்கு நன்கு தெரிந்ததையே முதலில் எழுதுவது மனுக்களின் மரபாதலால் அவை இங்கே பதிவு செய்யப்படுகின்றன. 1998 டிசம்பரில் வெளிவந்த ஜாவா 1.2 பதிப்பில் ஸ்விங் என்னும் இடைமுக நூலகம் ஜாவாவின் நிலையான பகுதியாக அமைந்த நாள் முதல், ஒரு பயன்பாட்டில் தோன்றும் அத்தனை சீட்டுகளையும் மேலாளர் அவர்கள் ஒருவரே கவனித்து வருகிறார். வெளியார் எவரும் இன்னொரு மேலாளரை உருவாக்கிக்கொள்ள வழியில்லை. ‘ஷேர்டு இன்ஸ்டன்ஸ்’ என்னும் பொதுவாயிலில் நின்று இருக்கும் ஒருவரையே அணுக வேண்டும். அப்பதவிக்குத் தேர்வும் இல்லை, பணிமாற்றமும் இல்லை, ஓய்வு வயதும் இல்லை.

அலுவலகத்தின் தொண்டு முதலில் நன்றியுடன் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. ‘செட் டூல்டிப் டெக்ஸ்ட்’ என்னும் ஒரே வரிக் கட்டளையில் உரையைக் கொடுத்துவிட்டால், விட்ஜெட் தானாகவே அலுவலகப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அம்புக்குறி வந்து நின்றதும் சீட்டு உடனே நீட்டப்படாமல் 750 மில்லிநொடி, அதாவது முக்கால் நொடி, காத்திருக்க வைக்கப்படுகிறது என்பதையும் மனுதாரர்கள் குறையாகக் கருதவில்லை. ஆப்பிள் நிறுவனம் 1991இல் தன் சிஸ்டம் 7 இயங்குதளத்தில் அறிமுகப்படுத்திய பலூன் உதவி, ஒருமுறை முடுக்கிவிட்டால், அம்புக்குறி போகும் வழியெல்லாம் பேச்சுக்குமிழ்களை ஊதிக்கொண்டே இருந்தது; கேட்காத விளக்கத்தைக் கேட்காத நேரத்தில் சொல்லும் துணையை எவரும் நெடுநேரம் பொறுத்துக்கொள்வதில்லை. ஆகவே காத்திருப்பு நியாயமானது. ஒரு சீட்டு மறைந்த 500 மில்லிநொடிக்குள் அதே விட்ஜெட்டின் குறிப்புள்ள இன்னொரு பகுதிக்கு அம்புக்குறி நகர்ந்தால், மறுபடி வரிசையில் நிற்காமலே அடுத்த சீட்டு வழங்கப்படும் என்னும் சலுகையும் போற்றத்தக்கதே.

முறையீடு தொடங்குவது சீட்டு தோன்றிய பிறகுதான். தோன்றிய ஒவ்வொரு சீட்டும் 4000 மில்லிநொடியில், அதாவது நான்கு நொடியில், திரும்பப் பெறப்படும் என்பது அலுவலகத்தின் இயல்நிலை விதி. ‘சேமி’ என்னும் ஒற்றைச் சொல்லுக்கும் நான்கு நொடி. ஒரு வரிப்படிவத்தின் மூன்றாம் கட்டத்தில் எந்தத் தொகையைக் கழிக்கலாம், எதைக் கழித்தால் தண்டம் என்று எட்டு வரியில் விளக்கும் குறிப்புக்கும் அதே நான்கு நொடி. வாசிப்பவர் அம்புக்குறியை இம்மியும் அசைக்காமல் கண்ணும் கருத்துமாக மூன்றாம் வரியில் இருக்கும்போதே சீட்டு பிடுங்கப்படுகிறது; அசையாமல் இருப்பதுதான் படிக்கிறார் என்பதற்கான சான்று என்றாலும், அலுவலகம் அதை உறக்கத்துக்கான சான்றாகவே கொள்கிறது. பிறகு அம்புக்குறியை அசைத்து, மறுபடி முக்கால் நொடி காத்திருந்து, விட்ட வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் இரண்டாம் நான்கு நொடியில் பாதி கழிந்துவிடுகிறது.

‘செட் டிஸ்மிஸ் டிலே’ என்னும் முறையின் வழியாக இக்கால வரம்பை மாற்றிக்கொள்ளலாமே என்று அலுவலகம் பதிலளிக்கக்கூடும். மாற்றலாம், ஆனால் அம்மாற்றம் கேட்ட விட்ஜெட்டுக்கு மட்டும் உரியதாகாமல் பயன்பாடு முழுவதற்கும் பொருந்திவிடுகிறது, ஏனெனில் கால அளவு மேலாளரிடம் இருக்கிறதே தவிர விட்ஜெட்டிடம் இல்லை. இதனால் நிரலாளர்கள் ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்திருக்கின்றனர்: நீண்ட குறிப்புடைய விட்ஜெட்டுக்குள் அம்புக்குறி நுழைவதைக் கவனிக்க ஒரு கண்காணியை அமர்த்தி, நுழைந்தவுடன் பொதுக் கால வரம்பை உயர்த்தி, வெளியேறியவுடன் பழைய எண்ணுக்கே இறக்கிவிடுகின்றனர். ஒரு குடித்தனக்காரர் வாசலில் கால் வைக்கும்போது ஊர் முழுவதற்குமான மின்வெட்டு நேரத்தைத் திருத்தி, அவர் படியிறங்கியதும் பழைய அட்டவணையை ஒட்டுவது போன்ற இந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்பதே அதன் வெட்கக்கேடு. பொறுமையிழந்த வேறு சிலர், முழு எண்ணாக எழுதக்கூடிய மிகப்பெரிய மதிப்பான 2147483647ஐக் கால வரம்பாகக் கொடுத்துவிடுகின்றனர். அது ஏறத்தாழ 25 நாள். நான்கு நொடிக்கும் இருபத்தைந்து நாளுக்கும் இடையில் ஒரு மனிதர் எட்டு வரியைப் படித்து முடிக்கத் தேவைப்படும் நேரம் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டறிய அலுவலகம் இதுவரை முயன்றதாகத் தெரியவில்லை.

அண்டை நாடுகளின் வழக்கத்தை எடுத்துக்காட்டுவது நாகரிகமன்று என்றாலும், கியூட்டி என்னும் இடைமுக நூலகத்தின் நடைமுறையைச் சொல்லாமல் விட இயலவில்லை. அங்கே 2013இல் வந்த 5.2 பதிப்பு முதல் ஒவ்வொரு விட்ஜெட்டும் தன் குறிப்பு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத் தானே வைத்துக்கொள்ளலாம். எதுவும் சொல்லாவிட்டால் உரையின் நீளத்தைப் பார்த்து, பத்து நொடியை அடிப்படையாக வைத்து, நூறு எழுத்துக்கு மேற்பட்ட ஒவ்வோர் எழுத்துக்கும் 40 மில்லிநொடி கூட்டித் தரப்படுகிறது. நீளமானதைப் படிக்க நீண்ட நேரம் பிடிக்கும் என்னும் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பெரிய ஆராய்ச்சி ஏதும் தேவைப்பட்டிருக்காது. மறுகோடியில், பைத்தான் மொழியோடு வரும் டிகின்டர் நூலகத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு டூல்டிப் வசதியே இல்லை. அங்கே ஒவ்வொரு நிரலாளரும் சட்டமில்லாத ஒரு சிறு சாளரத்தைத் தாமே உண்டாக்கி, அம்புக்குறி நுழையும் நிகழ்வையும் வெளியேறும் நிகழ்வையும் அதனோடு கட்டி, காத்திருப்பு நேரத்தையும் தாமே எண்ணிக்கொள்கின்றனர். ஆட்சியே இல்லாத அந்நாட்டு மக்கள் ஸ்விங்கின் மேலாளரைப் பார்த்து ஏங்குவதுண்டு என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனித் தோற்றம். சீட்டின் நிறத்தை மாற்ற விரும்பினால், எல்லா டூல்டிப்புகளுக்குமான பொதுநிறத்தை இடைமுக அமைப்புப் பட்டியலில் மாற்றலாம். ஒரே ஒரு பொத்தானின் சீட்டை மட்டும் மாற்ற விரும்பினால் அப்பொத்தானுக்கு ஒரு புதிய வாரிசையே பெற்றெடுக்க வேண்டும். அதாவது, பொத்தான் வகுப்பிலிருந்து ஒரு துணைவகுப்பை உண்டாக்கி, அதில் ‘கிரியேட் டூல்டிப்’ என்னும் முறையை மாற்றி எழுதி, விரும்பிய நிறமும் எழுத்துருவும் கொண்ட சீட்டை அம்முறை திருப்பித் தருமாறு செய்ய வேண்டும்; அச்சீட்டு எந்த விட்ஜெட்டுக்கு உரியது என்பதையும் மறவாமல் அதில் குறித்துவிட வேண்டும். சீட்டில் படம் வைக்க விரும்புவோர் அதன் விரும்பிய அளவைக் கணக்கிடும் முறையையும் சேர்த்து மாற்றி எழுதுகின்றனர், ஏனெனில் அலுவலகம் அந்த அளவை நம்பியே சீட்டை வெட்டுகிறது. மஞ்சளை வெள்ளையாக்க இத்தனை தலைமுறை வேண்டுமா என்று கேட்பது மட்டுமே மனுதாரர்களின் எண்ணம். வசதி இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை.

வரி மடிப்பதோ தனிக்கதை. நீண்ட உரையைக் கொடுத்தால் சீட்டு அதைத் தானாக மடிக்காமல் திரையின் குறுக்கே ஒற்றை வரியாக நீட்டிவிடுகிறது. உரையின் தொடக்கத்தில் எச்டிஎம்எல் குறியை இட்டு, மடிக்க வேண்டிய இடங்களில் வரிமுறிப்புக் குறியையும் இட்டால் மடியும். அந்த எச்டிஎம்எல்லும் 1997இல் வகுக்கப்பட்ட 3.2 பதிப்பின் அளவிலேயே புரிந்துகொள்ளப்படுகிறது.

பதிவு குறித்த முறையீடு ஒரு குடும்பத்துக்குள் நிகழும் பாகுபாடு பற்றியது. அட்டவணையும் பட்டியலும் பிறக்கும்போதே அலுவலகத்தில் பதிவாகிவிடுவதால் அவற்றின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிக் குறிப்பு காட்டலாம். கோப்புறைகளைக் கிளைகளாகக் காட்டும் ஜேட்ரீ என்னும் மரவிட்ஜெட்டுக்கு மட்டும் அந்தப் பிறப்புரிமை இல்லை. நிரலாளர் தனியே ஒரு வரி எழுதி அதைப் பதிவு செய்தாக வேண்டும். எழுத மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, குறிப்பும் வராது. கணுக்களுக்கான குறிப்புரையை ஒழுங்காக எழுதி முடித்துவிட்டு, எதுவும் தோன்றாத மரத்தின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர்களின் மனநிலையை மேலாளர் அவர்கள் ஒருநாளேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். விதி ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளது என்பது உண்மையே. ஆவணத்தில் எழுதப்பட்டுள்ளது என்பது எந்த அலுவலகத்திலும் முதல் பதிலாகவும் கடைசிப் பதிலாகவும் இருந்து வருகிறது.

சுட்டெலியைப் பயன்படுத்த இயலாதோர் குறித்தும் ஒரு சொல். குவியம் பெற்ற விட்ஜெட்டில் கன்ட்ரோல் விசையோடு எஃப்1 விசையை அழுத்தினால் சீட்டு தோன்றும் என்பதும், எஸ்கேப் விசை அதை மறைக்கும் என்பதும், குறிப்புரை திரைவாசிப்பானுக்கு விட்ஜெட்டின் விளக்கமாகவும் சென்று சேரும் என்பதும் உண்மையிலேயே கருணையுள்ள ஏற்பாடுகள். ஆனால் இப்பின்வாசல் இருப்பதைச் சொல்லும் பலகை முன்வாசலில் எங்கும் இல்லை. டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜூனில் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.1 பதிப்பு, அம்புக்குறியால் தோன்றும் உள்ளடக்கத்தை விலக்க முடிய வேண்டும், அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுசெல்ல முடிய வேண்டும், பயனர் விலகும்வரை அது நிற்க வேண்டும் என்கிறது. அது வலைப்பக்கங்களுக்கான விதி, ஸ்விங் அதன் எல்லைக்குள் வராது என்று அலுவலகம் கூறினால் அது சட்டப்படி சரி. மூன்றாம் நிபந்தனையை நான்கு நொடி விதி எவ்வளவு வெளிப்படையாக மீறுகிறது என்பது மட்டும் எல்லை கடந்தும் தெரிகிறது.

மனுதாரர்களின் கையும் முற்றிலும் சுத்தமன்று. ‘அச்சிடு’ என்று எழுதியிருக்கும் பொத்தானுக்கு ‘அச்சிடு’ என்றே குறிப்பு எழுதுவோரும், எவருக்கும் விளங்காத சித்திரத்தைப் பொத்தானில் ஒட்டிவிட்டு விளக்கும் பொறுப்பை முழுவதும் மேலாளரின் தலையில் கட்டுவோரும், கடவுச்சொல்லின் விதிகளைத் திரையில் எழுதாமல் சீட்டுக்குள் ஒளித்து வைப்போரும் அவர்களிடையே பலர். அலுவலகம் நான்கு நொடியில் பிடுங்கும் சீட்டுகளில் கணிசமானவை, அந்த நான்கு நொடிக்கும் தகுதியில்லாதவை என்று மேலாளர் வாதிட்டால் மறுப்பது கடினம்.

ஆகவே, கால வரம்பை விட்ஜெட்டுதோறும் வைத்துக்கொள்ள அனுமதித்தும், அது இயலாதெனில் உரையின் நீளத்தைப் பார்க்கும் வழக்கத்தையேனும் மேற்கொண்டும், மரத்துக்கு அட்டவணைக்குரிய பிறப்புரிமையை வழங்கியும், நீண்ட வரிகளைத் தாமே மடித்தும் ஆவன செய்யுமாறு மேலாளர் அவர்களை மனுதாரர்கள் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றனர்.

இப்படிக்கு,
மேற்கண்ட விட்ஜெட்டுகளும் நிரலாளர்களும்.

இணைப்பு: எட்டு வரிக் குறிப்பு ஒன்றின் திரைப்பிடிப்பு (விசையை அழுத்துவதற்குள் குறிப்பு மறைந்துவிட்டதால் படத்தில் பொத்தான் மட்டுமே உள்ளது).

நகல்: ஜேட்ரீ அவர்களுக்கு, தகவலுக்காக (பதிவு செய்யப்படாத முகவரியாதலால் சென்று சேரவில்லை, பிழைச்செய்தியும் வரவில்லை).