அமாவாசைக்கொரு முறைக்கு மாதச் சந்தா

பொழுதுபோக்குக்காரரை மனதில் வைத்து இன்று மென்பொருளுக்கு விலை போடுபவர்கள் குறைவு. அவர் ஒரு சனிக்கிழமை இரவு பாதிப் பாட்டைப் பதிவு செய்வார். அடுத்து மகளுக்குப் பொதுத்தேர்வு, மாமனாருக்குக் கண்புரை அறுவை, பக்கத்து மனையில் கான்கிரீட் மிக்சர். மைக் உறையை விட்டு வெளியே வர ஐந்து மாதம் ஆகும். ஸ்டூடியோக்காரருக்கோ அதே மென்பொருள்தான் தினமும் சோறு போடுகிறது. இருவரிடமும் ஒரே சந்தாவைக் கேட்டால், ஒருவர் வேலை செய்வதற்குக் கட்டுகிறார். மற்றவர் நேரமில்லாததற்குக் கட்டுகிறார். அடோபி 2013-இல் தன் புது வெர்ஷன்களைச் சந்தாவுக்குள் கொண்டுபோனது. பிறகு பலரும் அந்த வழியில் போனார்கள். ஆடிக்கொரு முறை, அமாவாசைக்கொரு முறை திறப்பவரிடம் மாதா மாதம் வசூலிப்பது நியாயமில்லை என்பது என் கட்சி.

“இந்த ஆட்களுக்கு இரக்கப்படாதீர்கள், ஓசியில் கிடைத்தால் காசை அவிழ்க்கவே மாட்டார்கள்” என்பார்கள். குற்றச்சாட்டு பழையது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் பொழுதுபோக்குக்காரர்களுக்கென்றே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவர்களே தாங்கள் எழுதிய பேசிக் மொழி மென்பொருளை வாங்கியிருக்கிறார்கள், உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று அதில் புலம்பினார். (பிற்பாடு ஓரளவு தேறியது.) கோபம் நியாயம்தான். ஆனால் கம்பைலர்கள் பல நூறு டாலருக்கு விற்ற 1983-இல், போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற கம்பைலரை 49.95 டாலருக்குக் கொடுத்தது. இதைப் புத்தகம் மாதிரி நடத்துங்கள், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் கூடாது என்றது அதன் லைசென்ஸ். வக்கீலைக் கூப்பிடாமலே புரிகிற லைசென்ஸ்! சரக்கு அமோகமாக விற்றது. விலையும் விதியும் ஒத்துவந்தால் கஞ்சன் என்று பெயரெடுத்தவரும் பர்ஸைத் திறப்பார்.

இன்றும் இது நடக்கிறது. வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கெலின் இன்னொரு படைப்பு, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். சொந்த உபயோகத்துக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் 60 டாலர், அதற்கு மேல் சம்பாதிக்கும் தொழிலுக்கு 225. சரக்கு ஒன்றுதான், எந்த வசதியையும் பிடுங்கிவைக்கவில்லை. 7-ஆம் வெர்ஷனில் வாங்கினால் 8.99 வரை புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். வாங்குமுன் 60 நாள் ஓட்டிப் பார்க்கலாம். கெடு முடிந்தாலும் பூட்டு விழாது. திறக்கும்போது ஓர் அறிவிப்பு வந்து சில விநாடி வழிமறிக்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டிப் போக, ‘இன்னும் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லும் பட்டனை அழுத்த வேண்டும். மூன்றாம் ஆண்டும் பரிசோதிப்பவர் வெட்கப்பட அந்தச் சில விநாடி தாராளம்.

“ஒரு தடவை வாங்கிவிட்டு ஆள் போய்விட்டால், எழுதியவர் அடுத்த மாதம் எதைச் சாப்பிடுவார்?” இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறும்போதெல்லாம் அவரும் ஓட வேண்டியிருக்கிறது. பழைய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் புது வெர்ஷன் என்ற அப்கிரேட் ஏற்பாடுதான் முன்பு அவரைக் காப்பாற்றியது. ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் அதற்கு வழியே வைக்கவில்லை. ஒன்று இலவசமாகக் கொடு, இல்லையேல் புது ஆப் என்று முழு விலைக்கு விற்றுக்கொள். ஆகவே சந்தாவில் ஒதுங்கியவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் இல்லை. சந்தாவையும் நியாயமாக வைக்க முடியும். 2015-இல் புரோகிராமர்களுக்கான மென்பொருள் விற்கும் ஜெட்பிரெய்ன்ஸ் சந்தாவுக்கு மாறியபோது புரோகிராமர்கள் கொதித்தார்கள், நிறுவனம் இறங்கிவந்தது. ஓர் ஆண்டு கட்டியவர் பிறகு நிறுத்தினாலும், அதற்குரிய ஒரு வெர்ஷன் நிரந்தரமாக அவருடையது என்றானது. நியாயத்தின் அளவுகோல் இதுதான்: சந்தா நின்றால் புதியது வருவது நிற்கலாம், பழையது ஓடுவது நிற்கக் கூடாது.

“இலவசப் பதிப்புதான் இருக்கிறதே, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?” என்றும் கேட்கலாம். பல்லைப் பார்க்க வேண்டாம், கயிறு யார் கையில் என்று பார்க்கலாம் அல்லவா? ஆட்டோடெஸ்க் 2020-இல் ஃப்யூஷன் 360 என்ற வடிவமைப்பு மென்பொருளின் தனிநபர் இலவசப் பதிப்பில், ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய வடிவமைப்புகள் 10 மட்டும் என்று வரம்பு கட்டியது. பதினொன்றாவது திருகாணி வேண்டுமானால் பழைய பத்தில் ஒன்றைத் தூங்கவைக்க வேண்டும். கொடுத்தவருக்குக் குறைக்கவும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த வடிவமைப்புகளில் செலவான ஞாயிற்றுக்கிழமைகள் வாடிக்கையாளருடையவை. அதனால்தான் அவர் இலவசத்தைவிட நிலையான ஒரு சிறு விலையையே விரும்புவார். கொடுத்த காசு சண்டை போடும் உரிமையையும் சேர்த்து வாங்கித் தருகிறது.

கம்பெனிகளுக்கும் இதில் லாபம்தான். வீட்டில் ஆசைக்குப் பழகிய மென்பொருளைத்தான் நாளைக்கு அவர் ஆபீசில் வாங்கச் சொல்வார். அங்கே முழு விலையைத் தாராளமாகப் போடட்டும். அந்த பில்லைப் பார்த்து ஒரு பொழுதுபோக்குக்காரரும் முணுமுணுக்க மாட்டார், கட்டப்போவது முதலாளி.