நோய் இல்லாத வீட்டுக்கு வந்த வைத்தியர்

கம்ப்யூட்டருக்கு நோயே இல்லையென்றால் என்ன, வைத்தியர்தான் வந்துவிட்டாரே! 'வின்ஃபிக்ஸர்', 'டிரைவ்கிளீனர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' என்று பல பெயர்களில் வந்தவர் இவர். திரையில் பட்டை ஒன்று ஓடும். சி டிரைவில் வைரஸ் கொத்துக் கொத்தாக அகப்படும். சி டிரைவே இல்லாத ஆப்பிள் மேக்கிலும் அகப்பட்டதுதான் ஐயாவின் கைராசி. ஓடியது சோதனை அல்ல, வெறும் படம்; வைரஸை நீக்கக் கேட்ட காசு மட்டும் நிஜம்.

உக்ரைனின் கீவ் நகரில் இந்த மோசடிக்கு முறையான அலுவலகமே இருந்தது. காசு கட்டியவர் புலம்பினால் சமாதானம் சொல்ல கால் சென்டர்கூட இருந்தது (நிஜக் கம்பெனிகள் சில கவனிக்க). 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்ததாக 2008-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. 2012-ல் பிரதிவாதிகளில் ஒருவருக்கு மட்டும் 16.3 கோடி டாலர் கட்டச் சொன்னது நீதிமன்றம்.

இன்றைக்கும் இப்படியொருவர் திரையில் குதித்தால், மூலையிலுள்ள பெருக்கல் குறியைக்கூட அமுக்காதீர்கள்; அதுவும் அவர் வரைந்ததாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரையே மூடிவிடுங்கள். நிஜ வைத்தியர் வேண்டுமென்றால், விண்டோஸோடு டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் இலவசமாகவே வருகிறது. இலவசம் என்பதாலோ என்னவோ, பலருக்கு அதன்மேல் மட்டும் நம்பிக்கை வருவதில்லை.