மேகம் விட்டு மேகம்

கேள்வி: கூகுள் போட்டோஸில் இடம் தீர்ந்துவிட்டதாம், தினமும் மிரட்டல். படங்களை ஆப்பிளின் ஐகிளவுடுக்கு மாற்றிவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக. ஆனால் கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி., ஆப்பிள் தருவதோ 5. வாடகை கொடுக்கத் தயாராக இருந்தால் மட்டும் மூட்டையைக் கட்டுங்கள்.

‘கூகுள் டேக்அவுட்’ மூலம் நேரடியாகவே அனுப்பலாம். சில நாள் ஆகும். அதுவரை லேப்டாப்புக்குக் காவல் இருக்க வேண்டாம். ஜிப் கோப்புகளாக இறக்கினால்தான் வினை. ஸ்கேன் செய்த பழைய படத்துக்கு நீங்கள் போட்டுவைத்த தேதி, படத்துக்குள் இருக்காது. பக்கத்திலுள்ள ஜேசான் கோப்பில் இருக்கும். அதைக் கவனிக்காமல் ஏற்றினால் தாத்தா போன வாரம்தான் தாலி கட்டியதாகக் காட்டும். பாட்டிக்கு ஆட்சேபம் இருக்காது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று: போவது நகல்தான். பழைய இடத்தில் நீங்களாக அழிக்கும்வரை மிரட்டல் நிற்காது. அங்கே எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் இங்கே கை வைத்துவிடாதீர்கள்.

எதற்கும் முதலில் வாட்ஸ்அப்பில் வந்த ‘குட் மார்னிங்’ ரோஜாக்களையும், மாமா அனுப்பிய மருத்துவக் குறிப்பு வீடியோக்களையும் களையெடுங்கள். பாதி வீடு காலியாகிவிடும்.