‘இதோ வந்துட்டேன்’: நின்றநிலைக் காலநீட்டம் குறித்து ஒரு முன்னாய்வு

1905இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் மூன்றாம் நிலை வல்லுநராக இருந்த ஐன்ஸ்டைன், உடனிகழ்வு என்றால் என்னவென்று விளக்க ஒரு ரயிலை ஏழு மணிக்கு வரவழைத்தார். கடிகாரத்தின் சின்ன முள் ஏழைத் தொடுவதும் ரயில் வந்து சேர்வதும் உடன் நிகழ்கின்றன, அவ்வளவுதான். அந்தக் கட்டுரையில் துணைநூற்பட்டியல் கிடையாது. கடைசியில் நண்பர் பெஸ்ஸோவுக்கு ஒரு நன்றி, முடிந்தது. இன்றைக்கு முனைவர் பட்டத்துக்குக் கொடுத்திருந்தால் வாசலோடு திருப்பியிருப்பார்கள். அந்தக் குறை இங்கே நேராது.

ரயில் வந்துவிட்டது. என் மச்சான் வரவில்லை. “இதோ வந்துட்டேன் மாமா, அஞ்சே நிமிஷம்” என்று அவர் போனில் சொல்லி, என் கடிகாரத்தில் ஐம்பது நிமிடம் ஓடிவிட்டது. ஒருவருடைய ஐந்து நிமிடம் இன்னொருவருக்கு ஐம்பதாக வேண்டுமானால், முன்னவர் ஒளிவேகத்தில் 99.5 விழுக்காட்டில் பறக்க வேண்டும். வானத்து உச்சியில் பிறக்கும் மியூவானுக்குச் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடிதான். அதுவே இந்த வித்தையால் தரைக்கு வந்து சேர்கிறது. ஆனால் போனில் எனக்குக் கேட்டது வாளியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். வாளி நிரம்ப நிரம்பச் சுருதி ஏறுமே, அது இன்னும் அடித்தொண்டையில்தான் இருந்தது. ஆக, நகராத பொருளுக்கும் காலம் நீள்கிறது. ஐன்ஸ்டைனுக்குத் தட்டுப்படாத விளைவு இது.

எதிர்த்தரப்பு: “அவன் அப்பவே கிளம்பிட்டான்” (மாமியார், வாய்மொழி). “கிளம்பிட்டான்னா சொன்னேன், கிளம்பிட்டிருக்கான்னேன்” (மாமியார், திருத்திய இரண்டாம் பதிப்பு). “எம் புள்ளையைச் சொல்றதுக்கு முன்னாடி உங்க தம்பி கல்யாணத்துக்கு நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?” (மாமியார், விரிவுரையுடன் கூடிய மலிவுப் பதிப்பு, பக்க எண் இல்லை, கண்ணீர் இணைப்பு தனி).

1971இல் ஹேஃபலேயும் கீட்டிங்கும் அணுக்கடிகாரங்களை விமானத்தில் உலகம் சுற்ற வைத்தார்கள். கிழக்கே போனவை 59 நானோ விநாடி பிந்தின. மேற்கே போனவை 273 முந்தின. மச்சான் வீடு தெற்கே. அடுத்தது.

‘வந்துட்டேன்’ என்ற வினைமுற்றுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. குளிப்பதும் கிளம்புவதும் ஒரே உடம்புக்கு நேர்வதால், எந்தச் சட்டகத்திலிருந்து பார்த்தாலும் அவற்றின் முன்பின் மாறாது. மச்சானுக்கு இயற்பியலில் புகலிடம் இல்லை. இலக்கணத்தில் உண்டு. இனி நடக்கவிருப்பதை, விரைவு கருதி, நடந்து முடிந்ததாகச் சொல்லலாமென்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது, காலவழுவமைதி என்பார்கள். அப்படியானால் தொல்காப்பியருக்குச் சார்பியல் தெரிந்திருந்தது. பெர்னில் ஒரு சுவடி இருந்திருக்க வேண்டும். கிடைக்காததே அது மறைக்கப்பட்டதற்குச் சான்று. இதைவிட மெலிந்த ஆதாரத்தில் இரண்டு நாள் கருத்தரங்கம் நடந்து நான் பார்த்திருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

எஞ்சியது சமச்சீர் மட்டும்: சீராக நகரும் இருவரில் ஒவ்வொருவருக்கும் மற்றவர் கடிகாரமே மெதுவாக ஓடும். இந்த வரியை எழுதும்போது வாசலில் பைக் நிற்கும் சத்தம். மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் பேனாவும் இடுப்பில் துண்டுமாக நான்.

“என்ன மாமா, இன்னும் சட்டைகூடப் போடலையா?”