ஒத்த எழுத்துக்கு என்னடே கஞ்சத்தனம்?

பேராண்டி, இன்டர்வியூவுக்குப் போறேன்னு டை கட்டி நிக்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா வாயத் தொறந்தா 'ஐ ஆம் என்ஜினியர்'ங்க. ஆன் எங்கடே? 'ஐ ஆம் ஆன் என்ஜினியர்'னா நாக்கு தேஞ்சிருமா?

உன் மேல மட்டும் குத்தமில்ல. தமிழ்ல 'நான் டாக்டர்'னா முடிஞ்சுபோச்சு. ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் வீட்டுல 'ஒரு' வச்சிருந்தும், தன் தொழிலச் சொல்லும்போது அத வெளிய எடுக்கமாட்டான். ரஷ்யாக்காரன்கிட்ட அந்தச் சாமானே கிடையாது. இங்கிலீஷ்காரனுக்குத்தான் அது இல்லாம தொண்டைக்குள்ள எறங்காது. மொய் வைக்காம பந்தியில உக்காந்தவன யாரும் எழுப்பி விடமாட்டாங்க. பொறவு நோட்டப் பாத்துக்கிடுவாங்க. இன்டர்வியூக்காரனும் அப்படித்தான்.

வேடிக்கை என்னன்னா, இங்கிலீஷ்ல விட்டதத் தமிழ்ல கொண்டாந்து கொட்டுதிய. மேடையேறினவன் 'நான் ஒரு விவசாயி'ங்கான். நாத்து நட்டவனக் கேளு, 'வெவசாயம்'னுட்டு வரப்புல போய்க்கிட்டே இருப்பான். அந்த 'ஒரு'வ இங்கருந்து தூக்கி அங்க வையி, ரெண்டு பாஷையும் பொழச்சுக்கிடும்.

எதுக்கு 'அ', எதுக்கு 'ஆன்'னு முழிக்காத. வேலைப் பேரத் தமிழ்ல எழுதிப் பாரு. உயிரெழுத்துல ஆரம்பிச்சா 'ஆன்', உயிர்மெய்யில ஆரம்பிச்சா 'அ'. வி.ஏ.ஓ.வுக்கு 'அ', அவருக்கு மேல இருக்க ஆர்.ஐ.க்கு 'ஆன்'. எம்.எல்.ஏ.வுக்கு 'ஆன்', யூனியன் மினிஸ்டருக்கு 'அ'. ஆனரரி செக்ரட்டரிக்கு இங்கிலீஷ்ல முன்னால ஊமை எச் ஒண்ணு உக்காந்திருக்கும். காதுக்கு அது தெரியாது, தமிழும் அத எழுதாது. அதனால 'ஆன்'தான். ஓர் ஆசிரியர், ஒரு வாத்தியார்னு உங்க தமிழய்யா அடிச்சுச் சொன்ன கணக்குதானடே இது! இன்னொண்ணு, அந்த 'அ'வ 'ஏ...'ன்னு ஆட்டுக்குட்டியக் கூப்பிடுத மாதிரி இழுக்காத. வந்ததும் தெரியாம போனதும் தெரியாம சொல்லு.

அதுக்காகக் கண்ட இடத்துல ஒட்டிராத. கூட்டமா நின்னா கிடையாது. 'வி ஆர் டீச்சர்ஸ்' போதும். பலபேர்ல ஒருத்தன்னாத்தான் 'அ'. நம்ம பஞ்சாயத்துத் தலைவர்கிட்டப் போய் 'யூ ஆர் அ பிரசிடென்ட் ஆஃப் திஸ் பஞ்சாயத்து'ன்னு வச்சிராத. இருக்கது ஒத்த நாற்காலி. இன்னொருத்தன் எவன்லேன்னு மனுசன் ராத்திரியோட ராத்திரியா வார்டு வார்டா விசாரிக்கக் கெளம்பிருவாரு.